கசாக் மொழிக்கு எழுத்துரு தயாரிப்பது எப்படி: எண் பட்டியலிலிருந்து வலைப்பக்கம் வரை முழுமையான வழிகாட்டி

ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துகள் உள்ள ஒரு எழுத்துருவை எடுத்து, ரஷ்ய மொழியில் நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டு, கசாக்கும் இதே எழுத்துதானே என்று வெளியிட்டுவிடுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். கசாக் மொழியில் கசக்கஸ்தான் நாட்டின் பெயரே ரஷ்ய மொழியில் இல்லாத எழுத்தில்தான் தொடங்குகிறது. அதே எழுத்து பெயரின் நடுவிலும் இன்னொரு முறை வருகிறது. உங்கள் எழுத்துருவில் அது இல்லையென்றால் ஒன்பது எழுத்தில் இரண்டு மட்டும் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். தடிமன் வேறு, உயரம் வேறு. கசாக் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ரஷ்ய மொழிக்கு ஒழுங்காக வேலை செய்யும் எழுத்துரு ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதைக் கசாக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிஃப்ஸ், ஃபாண்ட்லேப், ஃபாண்ட்ஃபோர்ஜ் என எந்த மென்பொருளில் செய்தாலும் வரிசை இதேதான்.

1. எந்த எழுத்துமுறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கசாக் மொழி இன்று மூன்று எழுத்துமுறைகளில் எழுதப்படுகிறது. கசக்கஸ்தானில் அன்றாடப் புழக்கத்தில் இருப்பது 1940-இல் வந்த சிரிலிக் நெடுங்கணக்கு. மொத்தம் 42 எழுத்துகள். அதில் 33 ரஷ்ய மொழியில் உள்ளவை, 9 தனி எழுத்துகள்.

இரண்டாவது லத்தீன். 2017 அக்டோபரில் வந்த அரசாணை மேற்கோள்குறியை எழுத்தோடு சேர்த்தது. 2018 பிப்ரவரியில் அது மாறி, எழுத்தின் தலையில் சாய்கோடு வந்தது. 2021 ஜனவரியில் 31 எழுத்துகள் கொண்ட இன்னொரு வடிவம் முன்வைக்கப்பட்டது. மூன்றாவது, சீனாவின் சின்ஜியாங்கில் வாழும் கசாக் மக்கள் எழுதும் அரபு எழுத்து.

சிரிலிக் கட்டாயம். ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன் எழுத்துகள் ஏற்கெனவே இருந்தால் கசாக் லத்தீனுக்குக் கூடுதல் வேலை கொஞ்சம்தான், அதனால் அதையும் சேர்த்துவிடுங்கள். அரபு என்பது தனித் திட்டம். அதை இதே அட்டவணையில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. வரைவதற்கு முன் எண் பட்டியல்

புதியவர்கள் எழுத்தின் உருவத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். கசாக்கில் அது ஆபத்து. ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் நாலைந்து இடத்தில் உண்டு. தமிழில் ‘ர’வும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குறியெண் வேறுவேறு அல்லவா, அதேபோல்தான். உருவத்தை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

கீழே எல்லா எண்களையும் பதின்ம எண்ணாகவே தருகிறேன். எழுத்துரு மென்பொருள் பதினாறடிமான எண்ணைக் காட்டும். கணினியில் உள்ள கால்குலேட்டரே மாற்றித் தந்துவிடும். ஒரு எச்டிஎம்எல் கோப்பில் ஆம்பர்சாண்ட், ஹேஷ், எண், அரைப்புள்ளி என்ற வரிசையில் அடித்தால் எழுத்து நேராகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயரும் வைத்திருக்கிறேன், கட்டுரை முழுக்க அந்தப் பெயரிலேயே சொல்கிறேன். முதலில் பெரிய எழுத்து, அடுத்து சிறிய எழுத்து.

- ஷ்வா: 1240, 1241
- கோடு-கெ: 1170, 1171
- வால்-கா: 1178, 1179
- வால்-என்: 1186, 1187
- கோடு-ஓ: 1256, 1257
- கோடு-ஊ: 1200, 1201
- நேர்-ஊ: 1198, 1199
- ஹா: 1210, 1211
- புள்ளி-இ: 1030, 1110

ரஷ்ய எழுத்துகள் 1040 முதல் 1103 வரை ஒரே தொடராக இருக்கின்றன. 1025, 1105 ஆகிய இரண்டு மட்டும் தொடருக்கு வெளியே. அவற்றையும் விட்டுவிடாதீர்கள், கசாக் நெடுங்கணக்கில் அவையும் உண்டு. இவற்றோடு கசக்கஸ்தானின் தெங்கே நாணயக்குறி 8376, எண்குறி 8470, கோண மேற்கோள்குறிகள் 171, 187.

இனி, எந்தெந்த எண்கள் கசாக்குக்கு உரியவை அல்ல என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 1184 பாஷ்கிர் மொழியின் கா, வால்-கா அல்ல. 1180, 1182, 1219 எல்லாமே ‘கா’வின் வேறு வடிவங்கள், வேறு மொழிகளுக்கு உரியவை. 1188, 1223, 1225 மூன்றும் வால்-என் போலத் தோன்றும், ஆனால் அல்ல. 1172 கோடு-கெ அல்ல. 1138 பழைய ரஷ்ய எழுத்தான ஃபிதா. அது கோடு-ஓ போலவே இருக்கும், ஆனால் பல வடிவமைப்புகளில் அதன் நடுக்கோடு நெளிந்திருக்கும்.

“உக்ரைன் மொழிக்கும் தாதார் மொழிக்கும் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது, இது போதாதா?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். போதாது. உக்ரைனிலிருந்து புள்ளி-இ கிடைக்கும். தாதாரிலிருந்து ஷ்வா, கோடு-ஓ, நேர்-ஊ, வால்-என், ஹா ஐந்தும் கிடைக்கும். கோடு-கெ, வால்-கா, கோடு-ஊ மூன்றும் பாக்கி. இதில் கோடு-ஊ ஏறக்குறைய கசாக் மட்டுமே பயன்படுத்தும் எழுத்து. மற்ற மொழிகளுக்காகச் செய்த எழுத்துருக்களில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ்-1251 என்ற பழைய குறிமுறையை அளவுகோலாக வைத்துச் செய்த எழுத்துருக்களிலும் இதே சிக்கல். அந்தக் குறிமுறையில் கசாக் தனி எழுத்துகளில் புள்ளி-இ மட்டும்தான் உண்டு. கசாக்குக்கென்று அதிலிருந்து மாற்றிய கேஇசட்-1048 என்ற ஒன்று தனியாக உருவானதே இதனால்தான்.

3. தாய் எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

ஒன்பது எழுத்தில் பெரும்பாலானவை இருக்கும் எழுத்துகளின் மேல் நிற்பவை. தாய் எழுத்தில் பிழை இருந்தால் அது அவற்றுக்கும் போகும். அதனால் கெ, கா, என், ஊ, ஓ, எ ஆகிய ரஷ்ய எழுத்துகளை எல்லாத் தடிமனிலும் முடித்த பிறகே கசாக் பக்கம் வாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 1062, 1094 என்ற ‘த்ஸே’யும் 1065, 1097 என்ற ‘ஷ்சா’வும். இவற்றின் வலது அடியில் தொங்கும் சின்ன வால்தான் கசாக்கின் இரண்டு வால் எழுத்துகளுக்கும் மாதிரி. அந்த வாலின் நீளம், அகலம், வெட்டு மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள். பிறகு மாற்றினால் எட்டு இடத்தில் மாற்ற வேண்டிவரும்.

4. ஒன்பது எழுத்தையும் வரையும் வரிசை

வால்-கா, வால்-என்: இந்த இரண்டும்தான் கசாக் பக்கத்தின் முகம், அதனால் இவற்றை முதலில் எடுங்கள். வால் ‘த்ஸே’யின் வாலாகவே இருக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தின் கீழே வரும் செடிலாவோ, லாட்விய எழுத்தின் கீழே வரும் காற்புள்ளியோ இங்கே வரக்கூடாது. வால் எழுத்தின் நடுவில் தொங்குவதில்லை, வலது காலின் நுனியிலிருந்து இறங்குகிறது. கோடுகளின் நுனியில் சிறு பாதம் போன்ற செரிஃப் உள்ள எழுத்துருவில் வலது காலின் செரிஃபே வாலாக மாறும். செரிஃபை அப்படியே விட்டு அதன் கீழே வாலை ஒட்டினால் கால் வீங்கினாற்போல இருக்கும்.

யூனிகோடு இந்த எழுத்துகளைப் பிரிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ‘கா’வும் ஒரு ஒட்டுக்குறியும் சேர்ந்தால் வால்-கா ஆகாது, அது தனி எழுத்து. ஆகவே ஒட்டுக்குறிகளை நிறுத்தும் ஆங்கர் புள்ளிகளை வைத்து இதைத் தானாக உருவாக்க முயலாதீர்கள். கையால் வரைவதுதான் வழி.

கோடு-கெ: தண்டின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு, இரு பக்கமும் நீட்டி நிற்கும். கோட்டை மேல் கையின் தடிமனுக்கே வைத்தால் போல்டில் அடைத்துக்கொள்ளும், சற்று மெல்லியதாக வையுங்கள். சிறிய எழுத்தில் மேல் கைக்கும் குறுக்குக்கோட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று 12 பிக்சலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

நேர்-ஊ, கோடு-ஊ: ரஷ்ய ஊவுக்கு வால் இடப்பக்கம் வளைந்து போகும். இவற்றுக்குத் தண்டு நேராக இறங்கும். ரஷ்ய ஊவிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது இந்தத் தண்டுதான், அதனால் அழகுக்காக வளைவைக் கொடுக்காதீர்கள். பெரிய நேர்-ஊவுக்கு லத்தீன் ஒய்யின் வடிவம் பொருந்தும். சிறிய எழுத்தில்தான் தடுமாற்றம். பெரிய எழுத்தைச் சுருக்கி அடிக்கோட்டின் மேல் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது தவறு. சிறிய நேர்-ஊவின் கைகள் அடிக்கோட்டுக்கு மேலேயே சந்திக்கும், தண்டு அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்.

கோடு-ஊவின் குறுக்குக்கோடு தண்டின் மேல் நிற்க வேண்டும், கைகள் சேரும் மூட்டில் வரக்கூடாது. மூட்டில் வைத்தால் கறுப்புத் திட்டு ஆகிவிடும், யென் நாணயக்குறி போலவும் தெரியும்.

கோடு-ஓ: கோடு வட்டத்துக்கு உள்ளேயே முடியும், வெளியே நீளாது. கணக்கு நடுவில் வைத்தால் கண்ணுக்குக் கீழே இறங்கியது போலத் தெரியும், கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். போல்டில் மேல் கீழ் இரண்டு இடைவெளிகளும் மூடிக்கொள்ளும் என்பதால் ஓவை விட இதைச் சற்று அகலமாக வரைய வேண்டியிருக்கும்.

ஷ்வா: எ எழுத்தை 180 பாகை திருப்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். திருப்புவது தொடக்கம் மட்டும்தான். கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டவே கூடாது, தடித்த இடமும் மெல்லிய இடமும் தலைகீழாகிவிடும். திருப்பிய பிறகு மூன்று விஷயம் சரி செய்ய வேண்டும். குறுக்குக்கோடு நடுவுக்குக் கீழே போயிருக்கும், அதை உயர்த்துங்கள். மேல் இடப்பக்கம் வந்துவிட்ட முனையை அதே எழுத்துருவின் ‘அ’வின் மேல்முனையோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். இடது வலது இடைவெளிகள் இடம் மாறியிருக்கும், திரும்ப அளந்து வையுங்கள். பெரிய ஷ்வாவுக்குச் சிறியதை ஊதிப் பெரிதாக்காதீர்கள், கோடுகள் தடித்துவிடும். பெரிய ஓவிலிருந்து தொடங்குங்கள்.

ஹா: சிறிய எழுத்து லத்தீன் சிறிய ஹெச் போன்றதே. பெரிய எழுத்துக்கு லத்தீன் பெரிய ஹெச்சை வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. சிரிலிக்கில் அந்த உருவம் ஏற்கெனவே ‘என்’ எழுத்தாக இருக்கிறது. எனவே பெரிய ஹா என்பது சிறிய ஹெச்சின் உருவமே பெரிய எழுத்து உயரத்தில் நிற்பது. வீரன் என்று பொருள்படும் ‘கஹர்மான்’ என்ற சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துப் பாருங்கள். பிழை இருந்தால் ஹா இருக்க வேண்டிய இடத்தில் என் நிற்கும்.

புள்ளி-இ: லத்தீன் ஐயைக் காம்பொனென்டாக, அதாவது வரைந்த வடிவத்தை மறுபடி பயன்படுத்தும் இணைப்பாகச் சேர்த்தால் போதும். ஆனால் ஒரே கிளிஃபுக்கு (எழுத்துருவில் வரைந்த ஒரு வடிவத்துக்கு) லத்தீன் எண், சிரிலிக் எண் இரண்டையும் கொடுக்காதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுக்கும்போது சிரிலிக் சொல்லுக்கு நடுவில் லத்தீன் எழுத்து வந்து உட்கார்ந்துவிடலாம், தேடினால் சொல் கிடைக்காது. தனிக் கிளிஃப், தனிப் பெயர். பெயரும் குறியெண்ணிலிருந்து வரும் முறையான பெயராக இருக்கட்டும்.

கடைசியாகத் தெங்கே குறி. லத்தீன் டீயின் தலைக்கு மேலே இன்னொரு இணைகோடு. தண்டை வெட்டும் கோடு அல்ல. எண்களின் அகலத்துக்கே செய்யுங்கள், விலைப்பட்டியலில் நேர்க்கோட்டில் நிற்கும்.

5. இட்டாலிக்

நேர் எழுத்தைச் சாய்த்தால் இட்டாலிக் ஆகாது. ரஷ்ய இட்டாலிக்கில் சிறிய கெ திருப்பிய எஸ் போல வளையும், தெ எழுத்து லத்தீன் எம் போல ஆகும். கசாக்கிலும் அதே மரபுதான். ஆகவே கோடு-கெ இட்டாலிக்கில் அந்த வளைவின் நடுவே கோடு செல்ல வேண்டும். நேர் வடிவக் கெயை அங்கே வைத்தால் ஒரே சொல்லில் இரண்டு பாணி கலந்துவிடும்.

நேர்-ஊ மட்டும் இட்டாலிக்கிலும் நேர்த்தண்டோடு இருக்க வேண்டும், சாய்வு மட்டும் வரும். வால்-காவின் வலது காலில் இட்டாலிக்கில் வரும் மேல்நோக்கிய சுழிப்பை எடுத்துவிட்டு அங்கிருந்து வாலை இறக்குங்கள்.

6. இடைவெளியும் கெர்னிங்கும்

கெர்னிங் என்பது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது. புதிய எழுத்தைத் தாயின் கெர்னிங் குழுவிலேயே போட்டுவிடுவது எளிது, பாதி இடத்தில் சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில்தான் கெடும்.

கெ எழுத்தின் வலது கீழ்ப்பக்கம் காலி. அதனால் அடுத்து வரும் எழுத்தை உள்ளே இழுத்து வைத்திருப்பீர்கள். கோடு-கெயில் அந்தக் காலி இடத்துக்குள் குறுக்குக்கோட்டின் நுனி நீட்டியிருக்கிறது. கெயின் கெர்னிங் அப்படியே வந்தால் கோடு அடுத்த எழுத்தில் போய்க் குத்தும். எனவே கோடு-கெக்கு இரு பக்கமும் தனிக் குழு.

வால் எழுத்துகளுக்கு இதைவிடப் பெரிய சோதனை காற்புள்ளி. ரஷ்ய மொழியில் ‘த்ஸே’ சொல்லின் இறுதியில் வந்து அதை அடுத்துக் காற்புள்ளி வருவது எப்போதாவதுதான். கசாக்கில் ஆறாம் வேற்றுமை உருபே வால்-என்னில் முடிகிறது. பண்புப்பெயர் ஆக்கும் ஒரு விகுதி வால்-காவில் முடிகிறது. அதாவது பத்திக்குப் பத்தி வாலும் காற்புள்ளியும் தோளோடு தோள் நிற்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் வரி அழுக்காகத் தெரியும். காற்புள்ளி, அரைப்புள்ளி இரண்டுக்கும் வால் எழுத்துகளுடன் கூடுதல் இடம் கொடுங்கள். தமிழில் உருபுகள் சொல்லின் இறுதியில் குவிவது போலத்தான் இங்கேயும், அதனால் எந்த எழுத்து சொல்லின் கடைசியில் அதிகம் வரும் என்பதைப் பார்த்தே கெர்னிங் செய்ய வேண்டும்.

அப்புறம் வால்-என்னும் கோடு-கெயும் அடுத்தடுத்து வரும் இணை. கசக்கஸ்தானின் மேற்கில் உள்ள மங்கிஸ்தாவ் மாகாணத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அடிக்க வேண்டிய எண்கள்: 1052, 1072, 1187, 1171, 1099, 1089, 1090, 1072, 1091. மூன்றாவது எழுத்தின் வாலுக்கும் நான்காவது எழுத்தின் இடது கோட்டுக்கும் இடையில் காற்று இருக்க வேண்டும். ஆயுள் என்று பொருள்படும் ‘குமிர்’ என்ற சொல்லில் கோடு-கெயும் கோடு-ஊவும் பக்கத்தில் வரும்: 1171, 1201, 1084, 1099, 1088. இரண்டு குறுக்குக்கோடும் சேர்ந்து ஒரே கோடாகிவிட்டால் சொல்லைப் படிக்கவே முடியாது.

7. ஓப்பன்டைப் வசதிகள்: தொடாமல் விடுவதும் வேலைதான்

செர்பிய, பல்கேரிய மொழிகளுக்குச் சிரிலிக்கில் மாற்று வடிவங்கள் தேவை. கசாக்குக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை, வழக்கமான வடிவங்களே சரி. செர்பிய இட்டாலிக் வடிவங்கள் கசாக்கில் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “கசாக்கை ஆதரிக்கிறோம்” என்று காட்டுவதற்காகச் சிரிலிக்கின் கீழ் கேஏஇசட் என்ற மொழிக்குறியை அறிவித்துவிடுகிறார்கள். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வடிவத்தில் ஒரு மொழிக்குத் தனி அறிவிப்பு இருந்தால், பொது அறிவிப்பில் உள்ள வசதிகள் அதற்குத் தானாக வந்து சேராது. கெர்னிங்கை அந்த மொழியிலும் பதிவு செய்யவில்லை என்றால், பக்கத்தில் மொழி கசாக் என்று குறித்த கணமே கெர்னிங் மொத்தமும் போய்விடும். மொழிக் குறிப்பு இல்லாத சோதனைப் பக்கத்தில் எல்லாம் அழகாக இருக்கும், பயனரின் பக்கத்தில் மட்டும் கெட்டுப்போகும். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தேடுவார்கள்.

என் யோசனை: சிரிலிக்குக்குக் கசாக் அறிவிப்பு அவசியமில்லை என்றால் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்லா வசதிகளையும் அதன் கீழும் பதிவு செய்து, மொழிக் குறிப்போடும் இல்லாமலும் ஒரே பத்தியை இரண்டு முறை வைத்து ஒப்பிடுங்கள்.

பெரிய எழுத்தின் உருவத்தைச் சிறிய அளவில் காட்டும் ஸ்மால் கேப்ஸ் வசதி உங்கள் எழுத்துருவில் இருந்தால் ஒன்பதுக்கும் அது வேண்டும். எட்டுக்குச் செய்து ஒன்றை விட்டால் விட்ட ஒன்று மட்டும் தலைப்பில் குட்டையாகத் தெரியும்.

8. லத்தீன்

2021 வடிவத்துக்கு அடிப்படை எழுத்துகளோடு வேண்டியவை: 196, 228, 286, 287, 304, 305, 330, 331, 214, 246, 350, 351, 362, 363, 220, 252. 2018 வடிவத்தில் எழுதிய பலகைகளையும் ஆவணங்களையும் காட்ட வேண்டும் என்றால் 193, 225, 500, 501, 323, 324, 211, 243, 218, 250, 221, 253 ஆகியவையும் வேண்டும். எழுத்துருவில் ஏற்கெனவே பெரும்பாலும் இருப்பவைதான். 500, 501 மட்டும் பலவற்றில் இருக்காது.

350 என்பது செடிலா வைத்த எஸ். ருமேனிய மொழியின் காற்புள்ளி வைத்த எஸ் 536, அது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கவனம் வேண்டியது ஐ எழுத்து. துருக்கி மொழி போலவே இங்கும் புள்ளி உள்ளதும் இல்லாததும் இரண்டு தனி எழுத்துகள். எஃப்பும் ஐயும் சேரும் கூட்டெழுத்து புள்ளியை விழுங்கிவிடும். ஆகவே லத்தீனின் கீழ்த் துருக்கி மொழிக்கு என்ன மாற்றம் வைத்தீர்களோ அதையே கேஏஇசட் குறிக்கும் வையுங்கள். இங்கே அறிவிப்பு உண்மையிலேயே தேவை. முன் பகுதியில் சொன்ன கெர்னிங் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றம் எழுத்துருவின் வேலை அல்ல. யூனிகோடின் சிறப்பு மாற்ற விதிகள் புள்ளி ஐக்குத் துருக்கி, அசர்பைஜானி இரண்டையும்தான் சொல்கின்றன. கசாக் லத்தீனில் தலைப்பைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் நிரல் புள்ளியைத் தொலைக்கலாம். நேராகப் பெரிய எழுத்திலேயே அடிப்பது பாதுகாப்பு.

9. அரபு எழுத்து

அரபு எழுத்துரு செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சில குறிப்புகள். அரபு மொழிக்குச் செய்த எழுத்துருவில் 1609-க்குத் தனி வடிவமும் இறுதி வடிவமும்தான் இருக்கும், ஏனென்றால் அரபியில் அது சொல்லின் கடைசியில் மட்டுமே வரும். கசாக்கில் அது சாதாரண உயிரெழுத்து, சொல்லின் நடுவிலும் வரும். முதல், இடை வடிவங்களைப் புள்ளியில்லாமல் வரைந்து சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சொல் நடுவில் உடைந்துவிடும்.

1652 என்ற உயர் ஹம்சா சொல்லின் தொடக்கத்தில் வந்து, அந்தச் சொல்லின் உயிரொலிகள் முன்னுயிர் என்று காட்டும். எந்த எழுத்தோடும் இணையாது. மேலே நின்றபடி அடுத்த எழுத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், அடுத்து வருவது உயரமான அலிஃபோ லாமோ என்றால் இடம் கூட்டுங்கள். 1653 முதல் 1656 வரை உள்ள சேர்ந்த எழுத்துகளையும் பழைய உரைகளுக்காக வைத்துவிடுங்கள்.

இவற்றோடு 1709, 1711, 1726, 1734, 1735, 1739, 1749 இருக்கின்றனவா என்று பாருங்கள். 1749 வலப்பக்கம் மட்டுமே இணையும் எழுத்து. ஹா எழுத்தான 1607-ஐ அதற்குப் பதிலாக வைக்க முடியாது, அது இரு பக்கமும் இணைந்துகொள்ளும்.

10. எந்தச் சொற்களை வைத்துச் சோதிப்பது

அல்மாத்தி என்று அடித்துப் பார்த்து “எல்லாம் வருகிறது” என்பார்கள். அல்மாத்தி, அஸ்தானா, ஷிம்கென்ட், செமெய், பவ்லதார், அதிராவ் ஆகிய எல்லா ஊர்ப்பெயர்களும் ரஷ்ய எழுத்துகளாலேயே ஆனவை. நாட்டின் மூன்று பெரிய நகரங்களும் இதில் அடக்கம். இவற்றை வைத்துச் சோதித்தால் ஒன்றுமே தெரியாது.

இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கரகந்தியில் வால்-காவும் கோடு-கெயும், அக்தொபேயில் வால்-காவும் கோடு-ஓவும், ஒஸ்கெமெனில் பெரிய கோடு-ஓ, துர்க்கிஸ்தானில் நேர்-ஊவும் புள்ளி-இயும், உலித்தாவில் பெரிய கோடு-ஊ, இலே ஆற்றின் பெயரில் பெரிய புள்ளி-இ, அல்-ஃபராபியின் பெயரில் பெரிய ஷ்வா. மேலே சொன்ன மங்கிஸ்தாவ், குமிர், கஹர்மான் மூன்றையும் சேர்த்துவிட்டால் ஒன்பது எழுத்தும் வந்துவிடும். கசாக் பெயர்களைக் கசாக் மொழி இணையதளத்திலிருந்து நகல் எடுங்கள். ரஷ்ய மொழித் தளத்தில் இதே ஊர்கள் ரஷ்ய எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் ஒரு முறை, முழுப் பெரிய எழுத்தில் ஒரு முறை, இட்டாலிக்கில் ஒரு முறை வையுங்கள்.

சோதனை உரையையும் சந்தேகியுங்கள். கசாக் விசைப்பலகையில் தனி எழுத்துகள் எண் வரிசையில் இருக்கின்றன. அந்த அமைப்பை நிறுவாதவர்கள் ரஷ்ய விசைப்பலகையிலேயே அடித்து, புள்ளி-இக்குப் பதில் லத்தீன் ஐயையும், ஷ்வாவுக்குப் பதில் லத்தீன் 601-ஐயும் போட்டுவிடுவது உண்டு. உரையில் 73, 105, 104, 399, 601, 415, 629 ஆகிய எண்கள் சிரிலிக் சொல்லுக்குள் இருந்தால் குற்றம் உரையில் இருக்கிறது, எழுத்துருவில் அல்ல. முதலில் உரையைத் திருத்திவிட்டு அப்புறம் சோதனையைத் தொடருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கசாக் தாய்மொழியாக உள்ள ஒருவரிடம் அச்சிட்ட தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கே தயங்குகிறார்கள் என்று கவனித்தால் எந்த எழுத்தைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

11. வலையில் ஏற்றும்போது

சரியாகச் செய்த எழுத்துரு இங்கே வந்து கெடுவது உண்டு. கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைத் துண்டாக்குவார்கள். கூகுள் ஃபாண்ட்ஸ் சிரிலிக், சிரிலிக்-எக்ஸ்ட் என்று இரண்டு துண்டாகத் தருகிறது. கசாக் தனி எழுத்துகளில் புள்ளி-இயும் கோடு-ஊவும் முதல் துண்டில், மீதி ஏழும் இரண்டாவது துண்டில். கூகுளின் இணைப்பை அப்படியே வைத்தால் உலாவி வேண்டிய துண்டுகளைத் தானே எடுத்துக்கொள்ளும். தங்கள் சர்வரில் வைப்பதற்காகச் சிரிலிக் துண்டை மட்டும் இறக்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தெங்கே குறி லத்தீன்-எக்ஸ்ட் துண்டில் இருக்கும், விலை போடும் பக்கமாக இருந்தால் அதுவும் வேண்டும்.

ஃபாண்ட்டூல்ஸ் என்ற கருவியைக் கொண்டு நீங்களே துண்டாக்கினால், பக்கத்தில் உள்ள உரையிலிருந்து எழுத்துகளை எடுக்கச் சொல்லாதீர்கள். இன்றைய பக்கத்தில் ஹா இல்லாமல் இருக்கலாம், நாளைய செய்தியில் வரும். இரண்டாம் பகுதியின் எண் பட்டியலைப் பதினாறடிமான எண்ணாக மாற்றிக் கொடுங்கள். ஓப்பன்டைப் வசதிகளைத் தக்கவைக்கும் தேர்வையும் கொடுங்கள், இயல்பாக விட்டால் சில வசதிகள் வெட்டப்படும்.

பக்கத்தின் மொழிக் குறிப்பு கேகே என்று இருக்கட்டும். பலர் கேஇசட் என்று போடுகிறார்கள். அது நாட்டின் குறி, மொழியின் குறி அல்ல.

ஏற்றிய பிறகு குரோமின் டெவலப்பர் கருவியில் ஒரு கசாக் பத்தியைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் எந்தெந்த எழுத்துரு பயன்பட்டது என்று பாருங்கள். ஒரு பெயர் மட்டும் வர வேண்டும். இரண்டு பெயர் வந்தால், இரண்டாவதன் பக்கத்தில் எத்தனை கிளிஃப் என்ற எண்ணும் இருக்கும். விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். இதைப் போல்டுக்கும் இட்டாலிக்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அவை வேறு கோப்புகள் என்பதால் ஒன்றில் இருக்கும் எழுத்து இன்னொன்றில் இருக்கும் என்று நம்ப முடியாது.